சத்தம் குறைந்தால் பையன் கூலியை வெட்டுவதா?

ஆடி பிறந்தால் எங்கள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. கூழுக்கு முன்னால் சவுண்ட் சர்வீஸ் வந்துவிடும். அந்தக் காலத்தில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும் ஒரு கிராமபோன் பெட்டியும் போதும். இப்போது டிஜே. லேப்டாப், கன்ட்ரோலர், மிக்சர், ஆள் உயரப் பெட்டிகள். வரட்டும், அதில் எனக்குக் குறையில்லை. சத்தம் குறைந்தால் நாம் செய்யும் அநியாயத்தைப் பற்றித்தான் இன்று சண்டை போட வந்திருக்கிறேன்.

போன வருடம் எங்கள் குப்பத்தில் பாட்டுப் போட்டார்கள். இசை எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பாடுகிறவர் குரலையே காணோம். "இன்னாடா, பொட்டி செத்துப்போச்சா?" என்று விழாக் குழுவினர் சத்தம் போட்டார்கள். பையன் பயந்துபோய் எல்லாக் குமிழையும் முழுக்கத் திருகினான். 'உஸ்' என்ற இரைச்சல்தான் ஏறியது. குழு கூடி முடிவெடுத்தது: பொன்னேரியிலிருந்து இன்னும் இரண்டு பெட்டி கொண்டுவருவது, அந்த வாடகையைப் பையன் கூலியில் பிடிப்பது. பெட்டி வந்தது, குரல் வரவில்லை.

நான் தொலைபேசித் துறையில் கம்பியோடும் டெசிபலோடும் காலம் தள்ளியவன். டார்ச்சோடு மேசைக்குப் பின்னால் போனேன். கன்ட்ரோலரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே வயர், மிக்சரின் ஒரு சேனலில் செருகியிருந்தது. அதன் பின்னில் இரண்டு கறுப்பு வளையம். வியாதி அங்கேதான். ஹெட்போன் துளை அந்த வயரில் இடது, வலது என இரண்டு ஒலிகளை அனுப்புகிறது. மிக்சரின் அந்தத் துளையோ ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். பாடகர் குரலும் மத்தள அடியும் இரு பக்கமும் சமமாக இருப்பவை. ஐந்தில் ஐந்து போனால் பூஜ்யம். நூறு பெட்டி வைத்தாலும் பூஜ்யம் பூஜ்யம்தான்.

"தம்பி, சிவப்பு வெள்ளை வயர் வச்சிருக்கியா?" என்றேன். "இருக்கு தாத்தா." கன்ட்ரோலரின் மாஸ்டர் அவுட்டிலிருந்து இரண்டு சேனலுக்குத் தனித்தனியாகச் செருகினோம். குரல் வந்துவிட்டது. ஆனாலும் கொஞ்சம் சன்னம். அதற்கும் காரணம் உண்டு. இதுபோன்ற சிறிய கருவிகள் தரும் அளவு சுமார் 0.3 வோல்ட், மேடை மிக்சர் எதிர்பார்ப்பது சுமார் 1.2 வோல்ட். நான்கில் ஒரு பங்கு வோல்ட் என்றால் வாட்டில் 16-இல் ஒரு பங்கு. 1000 வாட் ஆம்பிளிஃபயர் 62 வாட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். மிக்சர் சேனலின் உச்சியில் உள்ள 'கெயின்' குமிழை, மீட்டரில் சிவப்பு எரியாத அளவுக்கு ஏற்றினோம். அவ்வளவுதான். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

"பெட்டி அதிகமானால் சத்தம் அதிகம்தானே?" என்று வாதாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். வலையில் ஓட்டை இருக்கும்போது இன்னொரு படகு வாங்குவோமா? ஓட்டையைத் தைப்போம். இந்த அறிவு ஏரியில் இருக்கிறது, மேடையில் மட்டும் இல்லை.

குழுவினருக்கு என் கோரிக்கை இதுதான். மத்தியானமே ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். குறை இருந்தால் வயரிலிருந்து தொடங்குங்கள், பெட்டி கடைசி. பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காததை அவன் குற்றமாக்காதீர்கள். இரவு 10 மணிக்கு நிறுத்துங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது, விடியலில் ஏரிக்குப் போகிறவர்களும் தூங்க வேண்டும்.

இன்னொன்று. தேவையில்லாத பெட்டிக்கான வாடகையை அந்தப் பையன் தலையில் கட்டினோம். தலைக்கட்டு வரி கொடுத்தவன் என்ற முறையில் அதில் எனக்கும் பங்கு உண்டு. மறுபடி ஆடி வருகிறது. கூழ் காய்ச்சும் முன் அந்தப் பணத்தை அவன் கையில் கொடுத்துவிடுவோம்.