வாரம் ஒரு நாள், எட்டு நாள் விடுப்பு: செடெனாக் கர்ப்பிணிகளின் கணக்கு

செடெனாக் என்றால் இன்று செய்திகளில் வருவது தரவு மையங்கள்தாம். செம்பனை நின்ற நிலத்தில் ஜொகூர் கார்ப்பரேஷனின் தொழில்நுட்பப் பூங்கா எழுந்திருக்கிறது. அவற்றுக்கு எவ்வளவு மின்சாரம் போகும், எவ்வளவு தண்ணீர் போகும் என்று நாடே விவாதிக்கிறது. இதே வட்டாரப் பெண்கள் மாதந்தோறும், பிறகு வாரந்தோறும் செய்துகொள்ள வேண்டிய ஒரு சின்னச் சோதனையைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

அரசாங்க கிளினிக்கில் கர்ப்பிணி சிறு குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுக்கிறார். மிஸ்ஸி அதில் ஒரு சோதனைப் பட்டையை நனைக்கிறார். பட்டையின் மஞ்சள் கட்டம் பச்சையாக மாறினால் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது என்று பொருள். இளஞ்சிவப்புப் புத்தகத்தில் ஒரு கூட்டல் குறியோ இரண்டு கூட்டல் குறியோ விழுகிறது. சில விநாடி வேலை, சில காசு செலவு. ஆனால் அந்தச் சில விநாடிக்காக கிளினிக் போய்ச் சேருவதற்கு ஒரு தாய் கொடுக்கும் விலை சில காசு அல்ல.

கூட்டல் குறி சொல்வது என்ன?

வீட்டில் பெரியவர்கள் இதை "உப்பு போகுது" என்பார்கள். முட்டை, பருப்பைக் குறை, பார்லி தண்ணீர் குடி, கால் வீக்கம் இறங்கிவிடும் என்பார்கள். அன்பான யோசனைதான், ஆனால் தவறானது. சாப்பிட்ட புரதம் அப்படியே சிறுநீரில் வருவதில்லை. இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம், சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதுபட்டதால் கசிகிறது. கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் இந்தக் கசிவோடு இரத்த அழுத்தமும் 140/90க்கு ஏறினால், அது பிரி-எக்லாம்ப்சியா எனப்படும் முன்சூல்வலிப்பு. நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சரியாக விரியாததில் தொடங்கி, தாயின் சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை எட்டும் நோய் இது. முற்றினால் வலிப்பு. 'எக்லாம்ப்சியா' என்ற பெயரின் கிரேக்க மூலத்துக்கு மின்னல் வெட்டு என்று பொருள். சொல்லாமல் வந்து தாக்குவதால் அந்தப் பெயர்.

ஒரு கூட்டல் குறியைப் பார்த்ததும் பதறவும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று, வெள்ளைப்படுதல் கலந்துவிடுவது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது இவற்றாலும் பட்டை நிறம் மாறும். அதனால்தான் நடுச் சிறுநீரைப் பிடிக்கச் சொல்கிறார்கள், மறுபடியும் சோதிக்கிறார்கள். 24 மணி நேரச் சிறுநீரில் 300 மில்லிகிராம் புரதம் என்பதே நெடுங்காலமாக உள்ள எல்லை. மறுபுறம், புரதம் இல்லை என்பதால் நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. 2013இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, இந்த நோயை உறுதிசெய்யப் புரதம் கட்டாயம் இல்லை என்று விதியை மாற்றியது. இரத்த அழுத்தம் ஏறி, கல்லீரலோ இரத்தத் தட்டுகளோ பாதிக்கப்பட்டாலே போதும். ஆகவே சிறுநீர், இரத்த அழுத்தம், உடல் அறிகுறி மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நேரில் போக வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

அட்டவணை வந்த கதை

1843இல் லண்டன் மருத்துவர் ஜான் லீவர், வலிப்பு கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் அல்புமின் இருப்பதைக் கண்டறிந்தார். 1929இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சு ஓர் அட்டவணை வகுத்தது: 28 வாரத்துக்குப் பின் 36 வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு பிரசவம் வரை வாரந்தோறும். கடைசியில் வருகைகள் நெருங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த நோய்தான். நேற்று இல்லாதது இன்று இருக்கலாம் என்பதால் ஒரு மாத இடைவெளி விட முடியாது. மலேசியாவிலும் வழக்கமான பரிசோதனை இந்த வழியிலேயே வளர்ந்தது.

நம் நாட்டு ஏற்பாடு மோசமானது அல்ல. கர்ப்பிணியின் ஆபத்து நிலையை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்துக் குறிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. 1991 முதல் பிரசவ மரணம் ஒவ்வொன்றையும் காரணம் தேடி ஆராயும் முறையும் இருக்கிறது. தாய் கிளினிக்கின் வாசலுக்கு வந்துவிட்டால் பாதுகாப்பு வலை ஓரளவு வேலை செய்கிறது. வாசலுக்கு எப்படி வருவது என்பதுதான் சிக்கல்.

எட்டு நாள் கணக்கு

முதல் குழந்தையைச் சுமக்கும் ஒரு தொழிற்சாலைப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன அட்டவணைப்படி 28ஆம் வாரத்திலிருந்து 39ஆம் வாரம் வரை எட்டுத் தடவை போக வேண்டும். கிளினிக்கில் கிடைப்பது வந்து போன நேரத்தைக் காட்டும் டைம் சிலிப். அது எம்.சி. அல்ல. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கென்று சம்பளத்துடன் கூடிய தனி விடுப்பு இல்லை. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். எட்டு வருகைக்கு எட்டு நாள், கணக்கு சரியாகப் போய்விட்டது. அதன்பின் காய்ச்சல் கண்ட மாமியாருக்கோ தீபாவளிக்கோ ஒரு நாளும் மிஞ்சாது.

விடுப்பு தீர்ந்தவருக்குச் சம்பளம் வெட்டப்படும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். வாரம் ஆறு நாள் வேலை செய்யும் நாள் சம்பளக்காரருக்கு அது ஒரு நாளைக்கு 65.38 ரிங்கிட். எட்டு நாள் என்றால் 520 ரிங்கிட்டுக்கு மேல். குழந்தைக்கு வாங்க வேண்டியவை பட்டியலாக நிற்கும் மாதங்களில் இது சிறிய தொகை இல்லை. "போன வாரம்தானே பார்த்தாங்க, எல்லாம் நல்லா இருக்குன்னாங்களே" என்று ஒரு வாரம் தவறுவது இப்படித்தான்.

2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கணவருக்கு 7 நாள் கிடைத்தது. நல்ல மாற்றம். ஆனால் இரண்டும் குழந்தை வரும் நேரத்துக்கானவை. அதற்கு முந்திய ஆபத்தான வாரங்களை அந்தத் திருத்தம் தொடவில்லை.

போன ஞாயிறு

ஜொகூரில் இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. 2014 முதல் 2024 வரை இம்மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை அரசாங்க கிளினிக் திறந்திருந்தது. பல தனியார் நிறுவனங்களோ ஞாயிறு விடுமுறையையே தொடர்ந்தன. அங்கே வேலை பார்த்த கர்ப்பிணி, சம்பளம் இழக்காமல் ஞாயிறு அன்று பரிசோதனைக்குப் போய் வர முடிந்தது. 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை சனி, ஞாயிறு ஆனது. குடும்பம் ஒன்றாக இருக்க வசதி என்று பலரும் மகிழ்ந்தார்கள், நியாயம்தான். ஆனால் அந்த ஞாயிற்று வழி அடைபட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வண்டிப் பிரச்சினை தனி. கூலாய் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவோர் விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். வண்டியும் அவரோடு போய்விடும். தோட்டத்து வீட்டிலிருந்து பெரிய வயிற்றோடு கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது? கிராப் வருமா, வந்தால் எவ்வளவு கேட்கும்? இந்தக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

நமக்கு ஏன் கூடுதல் கவனம்?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கர்ப்பத்துக்கு முன்பே உள்ள நீரிழிவும் இரத்த அழுத்தமும் முன்சூல்வலிப்பின் வாய்ப்பை உயர்த்துகின்றன. நீரிழிவு சிறுநீரகத்தை ஏற்கெனவே பாதித்திருந்தால் முதல் மாதத்திலேயே புரதம் போகும். தொடக்கத்தில் பதிவு செய்யாமல் ஆறாம் மாதம் வந்தால், இது பழையதா புதியதா என்று மருத்துவருக்கே தெரியாது. இன்னொன்று: ஆபத்து அதிகமுள்ள தாய்க்கு 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் பலன் உண்டு. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 37 வாரத்துக்கு முன் வரும் முன்சூல்வலிப்பு 62 விழுக்காடு குறைந்தது. மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அவர் சொல்வதற்கே நாம் சீக்கிரம் போயிருக்க வேண்டும்.

நல்ல உடற்கட்டு காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஓட்டக்காரர் டோரி போவி, 2023இல் எட்டு மாதக் கர்ப்பத்தோடு தம் வீட்டில் இறந்து கிடந்தார். சூல்வலிப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்றது பிரேதப் பரிசோதனை.

குழந்தை பிறந்ததும் ஆபத்து தீர்ந்துவிடுவதும் இல்லை. பிரசவத்துக்குப் பிந்திய முதல் வாரத்தில் இரத்த அழுத்தம் மறுபடி உச்சத்துக்குப் போகலாம், வலிப்பும் வரலாம். பத்தியத்தில் இருக்கும் பெண் கடுமையான தலைவலி என்றால் தைலம் தேய்த்துப் படுக்க வைக்கக் கூடாது. கண் மங்குதல், வலப்பக்க மேல்வயிற்று வலி, திடீர் முக வீக்கம், மூச்சுத் திணறல், கர்ப்பிணி என்றால் குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பிரிட்டனில் கர்ப்பகாலப் பரிசோதனைக்குச் சம்பளத்துடன் நேரம் ஒதுக்குவது சட்டப்படி உரிமை. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 2000ஆம் ஆண்டுப் பரிந்துரையும், முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பரிசோதனைக்குச் செல்லக் கர்ப்பிணியை அனுமதிக்கச் சொல்கிறது. நம் சட்டத்திலும் டைம் சிலிப்புக்கு மதிப்புக் கொடுக்க ஒரு வரி போதும். சட்டம் வரும்வரை தொழிற்சாலைகளும் தோட்ட நிர்வாகங்களும் தாமாகவே கடைசி மூன்று மாதங்களுக்கு அரை நாள் கொடுக்கலாம். வாரக் கடைசியில் ஒரு வேளையாவது கர்ப்பிணிகளைப் பார்க்க முடியுமா என்று மாநிலச் சுகாதாரத் துறை யோசிக்கலாம். கோயில் நிர்வாகமும் இளைஞர் மன்றமும் வாரம் ஒரு வண்டி ஏற்பாடு செய்யலாம்.

செடெனாக்கில் கோடிக்கணக்கில் முதலீடு வருகிறது, வரட்டும். அந்தச் சாலையோரம் பெரிய வயிற்றோடு வண்டிக்குக் காத்திருக்கும் பெண் இந்த வாரப் பரிசோதனையைத் தவறவிடாமல் இருக்க அரை நாள் போதும். அதைக் கொடுக்க நாம் இன்னும் தயாராகவில்லை.