காய்ந்த பையைக் கொட்டிவிடாதீர்கள்!

கேள்வி: எங்கள் வேலியோரம் தானாக வளர்ந்த கண்வலிக்கிழங்குக் கொடியில் விதை எடுத்து, சென்ற ஆனியில் 40 பாலித்தீன் பைகளில் விதைத்தேன். 12 பைகளில் முளைத்தது. மார்கழியில் எல்லாம் மஞ்சளாகி, தையில் காய்ந்துவிட்டன. செத்துவிட்டது என்று பைகளை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டேன். விதைக்கிழங்கை விலை கொடுத்து வாங்க வசதி இல்லை. விதை போட்டு வளர்க்கவே முடியாதா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டம்

பதில்: முடியும், சகோதரி. உங்கள் செடிகள் பெரும்பாலும் சாகவில்லை, உறங்கப் போயிருக்கின்றன. கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், பல்லாண்டுப் பயிர். மழைக்குத் துளிர்த்து, பூத்துக் காய்த்து, பிறகு கொடி முழுவதும் காய்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு இருந்து, அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். விதைநாற்றும் அப்படித்தான். முதல் ஆண்டில் சில இலைகள் மட்டும் விட்டு, நிலக்கடலை அளவில் ஒரு கிழங்கு வைத்துவிட்டுக் காய்ந்துவிடும்.

எனவே முதல் வேலையாக, முருங்கை மரத்தடி மண்ணை இன்றே கையுறை போட்டுக் கிளறிப் பாருங்கள். இது செடிக்காக மட்டும் சொல்வதல்ல. இதன் கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு. கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் இதில் இருக்கிறது. கீல்வாத மருந்துக்காக நம் விதையை விலைக்கு வாங்குவதும் அதற்காகத்தான். கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு. பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் ஆடு மாடு மேயும் இடத்திலும் அது கிடக்கக் கூடாது.

கிடைத்த கிழங்குகளை நிழலில், உலர்ந்த மணலில் வைத்து, ஆனி மழை தொடங்கும்போது புதுப் பைகளில் வையுங்கள். கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைப்பது அரிது.

இனி புதிதாக விதைக்கும் முறை:

விதை: காய் வெளிறித் தோல் சுருங்கும்போது பறித்து, நிழலில் உலர்த்துங்கள். விதையைச் சுற்றியுள்ள சிவந்த சதையை மணலில் தேய்த்து நீக்கி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள்.

மண்: செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவு. இத்துடன் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் கிழங்கு அழுகல் குறையும். பையின் அடியில் துளை அவசியம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு மிஞ்சாது.

விதைப்பு: ஆனி, ஆடியில் அரை அங்குல ஆழத்தில், பைக்கு இரண்டு விதை. சில விதை மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும், சில மூன்று மாதம் எடுக்கும், சில அடுத்த ஆண்டு மழைக்குத்தான் எழும். ஆகவே முளைக்காத பையையும் ஓராண்டு வைத்திருங்கள். 40-க்கு 12 என்பது வருந்த வேண்டிய கணக்கல்ல.

பராமரிப்பு: மண் காயக் காயத் தண்ணீர் விட்டால் போதும். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறும் என்பதால் ஒரு குச்சி நட்டுவிடுங்கள். இலையைத் தின்னும் புழுக்களைக் கையால் பொறுக்கி அழித்துவிடலாம்.

உறக்கம்: இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். பைகளைக் கோடை மழை படாத கூரைக்கடியில், தேதி எழுதி அடுக்கி வையுங்கள். செத்துவிட்டதோ என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் பல கிழங்குகளை அழுக வைக்கிறது. பெரிய பைக்கு மாற்றுவதாக இருந்தால், வைகாசியில், முளை எழும் முன்பு, மண்கட்டி உடையாமல் மாற்றுங்கள்.

இப்படி வளர்த்தால் பூ வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியதாகும். வயலில் நட 50 கிராமுக்குக் குறையாத கிழங்கு வேண்டும். நட்ட கிழங்கு கலப்பை போலக் கவைவிட்டு ஆண்டுக்கு ஒன்று, இரண்டு என்றுதான் பெருகும். விதைக்கிழங்கு விலை ஏறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே இந்தப் பைகளை நம்பிக் கடன் வாங்காதீர்கள், வேறு பயிரை நிறுத்தாதீர்கள். வீட்டோரத்தில் ஆண்டுக்கு 50 பை என்று போட்டுவந்தால், நான்காம் ஆண்டு முதல் கைக்காசு அதிகம் செலவழிக்காமல் சொந்தக் கிழங்கு சேரத் தொடங்கும். கிழங்குக்காகக் காப்புக்காட்டுக்குள் போய்த் தோண்டுவது மட்டும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம், காட்டில் செடியும் அற்றுப்போகும்.

கடைசியாக, எல்லா வாசகர்களுக்கும் ஒன்று. பைகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி, ஆடு நுழையாத வேலிக்குள் வையுங்கள். விதையைச் சமையலறையில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொல்லை தெரியச் சில மணி நேரம் ஆகலாம், அதற்குள் நஞ்சு உடம்பில் ஏறிவிடும். கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். தின்றதில் மிச்சமிருந்தால் மருத்துவரிடம் காட்டக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.