கம்பெனிக் காசில் ராமர் பட்டாபிஷேகம்!

வருடம் 1616. மதுரை நாட்டை ஆள்பவர் முத்துவீரப்ப நாயக்கர். திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வர இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டை கிடையாது. சூரத், மசூலிப்பட்டினம் என்று ஓரிரு இடங்களில் பண்டகசாலை, ஜஹாங்கீர் தர்பாரில் வியாபார அனுமதிக்காகக் காத்துக் கிடக்கும் சர் தாமஸ் ரோ, அவ்வளவுதான். அந்தக் கம்பெனிதான் ராமர், சீதை, லட்சுமணன், அனுமன் சகிதம் அணாக் காசு அடித்து வெளியிட்டதாம்!

நம்பத்தான் ஆள் இருக்கிறது. கோயில் வீதிகளிலும் திருவிழாக் கூட்டத்திலும் தரையில் துணி விரித்து விற்கப்படும் "பழங்காசு"களில் இந்த ரகம் தப்பாமல் இருக்கும். 1616, 1717, 1818 என்று வருடங்கள்கூட ஃபேன்சி நம்பர்தான். சிலவற்றில் 'யு.கே.எல்.' என்றும் இருக்கும். யுனைடெட் கிங்டம் என்ற பெயரே 1801இல்தான் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு அணா நாணயமோ 1907இல், அதுவும் கப்ரோ நிக்கலில் வந்தது. ஆக இது போலி நாணயம்கூட இல்லை. போலிக்கு ஓர் அசல் வேண்டும். இதற்கு அசலே கிடையாது! (பூஜைக்காக அடிக்கப்பட்ட ராமர் பட்டாபிஷேக வில்லைகள் வடக்கே உண்டு. அவற்றை யாரும் கம்பெனிக் காசு என்று சொன்னதில்லை.)

"சும்மா ஞாபகார்த்தமாக வாங்குகிறார்கள், இதில் என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. சேகரிப்பாளர்களிலேயே உண்டு. அவர்கள் 'ரைஸ் புல்லிங்' கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் கோடிகளில் வாங்கும் என்று தமிழ்நாடு முழுக்க எத்தனை பேர் ஏமாந்தார்கள்! கலசத்தோடு சேர்த்து அங்கே காட்டப்படுவது இதே கம்பெனிக் காசுதான். அரிசியில் இரும்புத்தூள், காசுக்குள் காந்தம். முடிந்தது வித்தை. பத்து ரூபாய்க்கு ஞாபகார்த்தமாக விற்ற அதே தகடு, நிலத்தை அடகு வைத்தவன் கையில் போய் நிற்கிறது. பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருவதாக விளம்பரம் செய்யும் கும்பல் இன்னொரு பக்கம். தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

இன்னொரு ரகம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. அசல் வெள்ளி ரூபாயை எடுத்து வருடத்தை மட்டும் திருத்துவது. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அபூர்வம், 1938 சாதாரணம். எட்டின் கீழ்வளையத்தைச் சுரண்டித் திறந்துவிட்டால் ஒன்பது! எடை, வெள்ளி எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் நாணயம் அசல்தானே. ஆனால் அதே வருடத்தில் இரண்டாவது இலக்கமும் ஒன்பதுதான். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு ஒன்பதையும் ஒப்பிட்டால் அரம் பட்ட இடம் தெரிந்துவிடும். 1911 ரூபாய் இன்னும் வேடிக்கை. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை, துதிக்கை குட்டையாகப் பன்றி மாதிரி தெரிந்ததால் முஸ்லிம்கள் எதிர்த்தார்கள். அடித்த சுமார் 94 லட்சத்தில் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது, மீதி உருக்கப்பட்டது. 1912இல் யானை திருத்தப்பட்டது. 1912ஐ 1911 ஆக்குபவர் கடைசி இலக்கத்தைப் பார்க்கிறார், யானையை மறந்துவிடுகிறார்!

இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கலாம். ஆனால் வைகைக் கரையில் அப்படி ஒதுக்க முடியாது. மீன் சின்னம் பொறித்த பாண்டியர் செப்புக் காசுகள் உள்பட, சங்ககாலக் காசுகள் என்று இன்று படிக்கப்படுபவற்றில் பெரும்பகுதி அகழாய்வுக் குழியில் கிடைத்தவை அல்ல. ஆற்று மணலில் பொறுக்கப்பட்டு, வியாபாரிகள் கை மாறி வந்தவை. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த காசை 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்டபோது, இலக்கியத்தில் மட்டும் இருந்த பெயர் உலோகத்தில் கிடைத்தது. அதே சந்தையில் இன்று அச்சில் வார்த்து அமிலத்தில் முக்கிய சதுரத் துண்டு நாலு கலந்தால் என்ன ஆகும்? ஒரு போலி எழுத்துக் காசு போதும், எதிர்தரப்பு அத்தனையையும் போலி என்று சொல்ல. கீழடியில் 2021இல் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசை யாரும் அப்படிச் சொல்ல முடியாது, அது எந்தக் குழியில் கிடைத்தது என்று பதிவு இருக்கிறது. வயலில் காசு கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878இலேயே புதையல் சட்டம் போட்டிருக்கிறார்கள், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே போதும். தெரிவிப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

வேடிக்கை என்னவென்றால், அசல் கம்பெனிக் காசு ஒன்றும் எட்டாக்கனி அல்ல. சென்னை மாகாணத்துக்காக 1808இல் இங்கிலாந்தில் அடித்த 10, 20 காசு செப்பு நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. 1980களில் அவற்றை லட்சக்கணக்கில் அள்ளினார்கள். இங்கேயும் அதே காசுகள் தேய்ந்துபோய்ப் பாட்டிகளின் சுருக்குப்பையில் கிடந்தவைதான். அவற்றில் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னமும் பாரசீக எழுத்தும் இருக்கும். ராமர் இருக்க மாட்டார்.