மூலையில் கொட்டிய கரி

தன்பாத்தில் பாறை சோதிக்கும் கூடமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சுரங்கத்தில் துளையிட்டு எடுத்த உருளைகள் மரப்பெட்டியில் வந்து இறங்கும். திறந்தால் பாதி உதிர்ந்து கிடக்கும். நிலக்கரிக்குள் பிறவியிலேயே இரண்டு வரிசை விரிசல்கள் உண்டு, ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக. 'கிளீட்' என்போம். அறுக்கும் சக்கரம் பட்டதும் மிச்சத்திலும் பாதி அந்த வழியே விட்டுப்போகும். ஷேல் எனும் களிப்பாறை இன்னும் மோசம். ஏடுகளுக்குக் குறுக்கே அழுத்தினால் கெட்டியாக நிற்கும்; சாய்வாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஈரம் காய்ந்தாலோ ஏறினாலோ ஏடு ஏடாகப் பிரியும் என்று மெழுகில் தோய்த்து அனுப்புவார்கள். மெழுகை உரிக்கும்போதே சில பிரிந்துவிடும்.

விட்டம் 54 மில்லிமீட்டர், உயரம் அதில் இரு மடங்குக்குக் குறையாமல் என்று முழுசாகத் தேறுவது பெட்டிக்கு நாலைந்துதான். அவற்றை அழுத்தி உடைத்து, சராசரி போட்டு, 'இந்தச் சுரங்கக் கரியின் அமுக்க வலிமை' என்று எழுதுவோம். நானே எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த எண், லாரிக்கும் ரம்பத்துக்கும் தப்பிய கரியின் வலிமை. நாங்கள் பெருக்கி மூலையில் கொட்டிய கரியும் சேர்ந்துதான் கீழே சுரங்கத்தில் வெட்டாமல் விட்ட தூணாக நின்று கூரையைச் சுமக்கிறது.

பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. 1960 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் கரித்தூண்கள் வரிசையாக நொறுங்கி 400-க்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். அதன்பின் இதை ஆராய்ந்த சாலமன், மன்ரோ என்ற இருவர் கூடத்து உருளைகளை நம்பி உட்காரவில்லை. தூண்கள் நின்ற இடம் 98, சரிந்த இடம் 27 என்று சுரங்கங்களிலிருந்தே கணக்கெடுத்து 1967-இல் தூணின் வலிமைக்குச் சூத்திரம் தந்தார்கள். சரிந்ததையும் எண்ணினார்களே, அதுதான் எனக்குப் பிடித்த சங்கதி.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. எத்தனை மீட்டர் துளைத்தார்கள், எவ்வளவு மேலே வந்தது, எத்தனை துண்டு எந்த இடத்தில் உடைந்தது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடட்டும். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டித் துளையின் நீளத்தால் வகுக்கும் முறையை டீர் என்ற அமெரிக்கர் 1960-களிலேயே சொல்லிவிட்டார். ஷேலைத் தண்ணீர் அழுத்தத்தில் பிளந்து எரிவாயு எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். பிளவு எந்த ஏட்டைப் பிடித்து ஓடும் என்பதற்கான தடயம் உடைசலில் இருக்கிறது. ஆனால் உடைசலையும் கணக்கில் சேர்த்து வலிமை எண் இறங்கினால் தூணைப் பருமனாக விட வேண்டும். விட்ட கரி விட்ட காசு.

ஒருமுறை உடைந்தவற்றின் பட்டியலை அறிக்கையோடு இணைத்து அனுப்பினேன். மாதிரி கொடுத்தவர்களிடமிருந்து வந்த அதிகாரி அந்தத் தாளைத் தனியே உருவி, "இந்தக் குப்பைக்கணக்கை யார் கேட்டது?" என்றார். அடுத்த அறிக்கையில் அந்தத் தாளை நான் வைக்கவில்லை.