ஆட்டுக்குச் சோறு போடாதீங்க!



மதியச் சாப்பாட்டு மணி அடிச்சதும் நம்ம பள்ளியின் பின்பக்க வேலியோரம் நாலைந்து ஆடுகள் வந்து நிற்பது எல்லாருக்கும் தெரியும். மிஞ்சின சோற்றை அங்கே கொட்டிவிட்டு, "பாவம், தின்னட்டும்" என்று வருகிறோம். அது புண்ணியம் இல்லை, பாவம்தான் என்பது என் கருத்து.

எங்க வீட்டில் இரண்டு வருஷமாக 'கருப்பி' வளர்கிறாள். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. இதற்குப் பால்கன்னி என்று பேர். கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி.

ஆடு வளர்த்தால் தினம் ஒரு ஆச்சரியம்தான்! ஆடு எதையும் தின்னும் என்பார்கள். சுத்தப் பொய்! மண்ணில் விழுந்த அகத்திக் கீரையைக் கருப்பி மோந்துகூடப் பார்க்க மாட்டாள். அதையே கயிற்றில் உயரக் கட்டினால், முன்னங்காலைத் தூக்கி நின்று ஒரு இலை பாக்கியில்லாமல் உருவிடுவாள். வாயைத் திறந்து பார்த்தால் முன்புறம் மேல்வரிசையில் பல்லே கிடையாது, கீழே மட்டும் எட்டு! கண்ணின் பாப்பா வட்டமாக இல்லை, படுக்கவைத்த செங்கல் மாதிரி இருக்கும். அதனால் தலையைத் திருப்பாமலே பக்கவாட்டில் ரொம்பத் தூரம் தெரியும். பதுங்கிப் போய்ப் பிடிக்கவே முடியாது!

தீவனப் பெட்டி மூடியிருந்தால் பெட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். இதை 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். திறக்க முடியாத பெட்டியில் தீனி இருந்தால், ஆடுகள் மனிதரின் முகத்தைப் பார்க்கின்றனவாம். இனிமேல் யாரையும் "மக்கு ஆடே" என்று திட்டாதீங்க!

இவ்வளவு கெட்டிக்கார ஆட்டுக்குச் சோற்றை மட்டும் போதும் என்று நிறுத்தத் தெரியாது. ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் தழையை மெதுவாகப் புளிக்கவைத்துச் செரிக்க உதவுகின்றன. திடீரென்று நிறைய சோறு உள்ளே போனால் அது வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். வயிறு உப்பும், அசைபோடாது, படுத்துவிடும். மருத்துவரிடம் கொண்டுபோகத் தாமதமானால் செத்தும் போகும். எங்க தெருவில் ஒரு கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற சினையாடு மறுநாள் செத்தது. அந்த அத்தை அதன் குட்டிகளை விற்றுத்தான் மகளுக்கு நோட்டு, சீருடை வாங்க நினைத்திருந்தாங்க.

"எங்க வீட்ல ஆட்டுக்குக் கஞ்சித்தண்ணி வைக்கிறோமே, ஒண்ணும் ஆகலையே?" என்று சிலர் கேட்கலாம். தினமும் கொஞ்சம் பழகின ஆட்டுக்குக் கஞ்சித்தண்ணி வேறு. இங்கே ஆளுக்கு ஒரு கைப்பிடி என்றாலும் நாற்பது பேர் கொட்டினால் நாற்பது கைப்பிடி! முந்திக்கொண்டு வரும் ஒரே ஆடு முழுவதையும் தின்றுவிடும். "ஒரு பிடிதானே" என்று நாற்பது பேரும் நினைப்பதுதான் ஆபத்து.

ஆகவே நண்பர்களே, தட்டில் வேண்டிய அளவு மட்டும் வாங்குவோம். ஆட்டுக்குக் கொடுக்க ஆசையா? வரும் வழியில் ஒரு கொத்து முருங்கையோ பூவரசந் தழையோ ஒடித்து வாங்க. பள்ளியில் மரம் நடும்போது வேலியோரம் நாலு அகத்திக் கன்றும் நடலாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாயில்லா ஜீவனுக்கு வயிறு வலித்தால் சொல்லத் தெரியாது. தெரிஞ்ச நாமதான் பார்த்துக் கொடுக்கணும்.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு