தாண்டிய தமிழனும் தாண்டாத நாடும்

தோழனே!

நாடகம் எழுதுவது என் தொழில். இன்று இரண்டு காட்சிகளை உன் முன் வைக்கிறேன். பார்த்து முடித்தபின், "நாடகாசிரியன் மிகைப்படுத்துகிறான்" என்று சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்.

காட்சி ஒன்று. டோக்கியோ மாநகரம். 1958ஆம் ஆண்டு மே 24 முதல் ஜூன் 1 வரை அங்கே ஆசிய விளையாட்டுப் போட்டி. பரந்த திடல். திரண்ட மக்கள். குறுக்கே ஒரு கம்பம். நெடிதுயர்ந்த இளைஞன் ஒருவன் ஓடி வருகிறான், எழுகிறான், 2.03 மீட்டர் உயரத்தைத் தாண்டி அப்பால் விழுகிறான். கம்பம் விழவில்லை! தங்கம் கிடைத்தது! இலங்கை என்னும் சின்னஞ்சிறு நாட்டுக்கு ஆசியப் போட்டியில் கிடைத்த முதல் தங்கம் அது. சிங்கம் பொறித்த கொடி மேலே ஏறுகிறது. ஏற்றியவன் பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணத்துப் பெரியவிளானில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற தமிழன்.

காட்சி இரண்டு. அதே 1958. அதே மே. இலங்கைத் தீவு. மே 22 அன்று பொலன்னறுவையில் ரயில் வண்டி தாக்கப்படுகிறது. வவுனியாவில் நடக்கவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குச் செல்வோரைத் தேடி அடிக்கிறார்கள். தோட்டத்திலும் பண்ணையிலும் பாடுபட்டவன் வெட்டப்படுகிறான். பாணந்துறைக் கோயில் பூசகர் உயிரோடு கொளுத்தப்படுகிறார். கொழும்பு வீதியில், "நீ எந்த மொழி பேசுகிறாய்?" என்று கேட்டபின் அடி விழுகிறது. மே 27 அன்று நெருக்கடி நிலை பிறப்பிக்கப்படுகிறது. தலைநகரில் வாழ்ந்த தமிழர் ஆயிரக்கணக்கில் முகாம்களில் அடைக்கலம் புகுகின்றனர். பின்னர் அவர்களைக் கப்பலேற்றி, "உன் ஊர் அதுதான், போ" என்று வடக்கே அனுப்பி வைக்கின்றனர்.

திரை விழட்டும்.

அங்கே தமிழன் கொடியை ஏற்றிய நாட்களில்தான் இங்கே தமிழனின் குடியைக் கெடுத்தனர். இப்படி ஒரு நாடகத்தை நான் எழுதி மேடையேற்றியிருந்தால், "தற்செயலுக்கும் ஓர் அளவு வேண்டாமா?" என்று நீயே கேட்டிருப்பாய். நான் எழுதவில்லை, தோழனே! வரலாறு எழுதியது. என்னைவிடக் கொடிய நாடகாசிரியன் அது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறாயா? சொல்கிறேன்.

கீழ்வேளூரில் பொதுக்கூட்டம் பேசி முடித்து, படிப்பகத்துத் திண்ணையில் தோழர்களோடு அமர்ந்திருந்தேன். கையில் ஏட்டோடு ஓர் இளைஞர் கேட்டார்: "அண்ணே! விளையாட்டில் அரசியலைக் கலக்கக்கூடாது என்கிறார்களே, அது சரிதானே? கொடி ஒன்று, அணி ஒன்று, கைதட்டல் ஒன்று. அங்கே போய் மொழி, இனம், உரிமை என்று பேசலாமா?"

நல்ல கேள்வி. நயமான பலர் நாவிலிருந்து வரும் கேள்வி. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆயினும் எனக்கு எட்டியதைச் சொன்னேன். அதைத்தான் உனக்கும் எழுதுகிறேன்.

விளையாட்டில் அரசியலைக் கலந்தது யார், தோழனே? தாண்டியவனா? அவன் கம்பத்தைப் பார்த்தான், தாண்டினான். அவன் நெஞ்சில் நாட்டின் பெயரை எழுதியது யார்? அவன் வென்றதும் நாட்டுப் பண் இசைத்தது யார்? கொடி ஏறலாம், பண் ஒலிக்கலாம், அமைச்சர் வந்து மாலை போடலாம். அப்போதெல்லாம் அது விளையாட்டு! மாலை வாங்கியவன், "என் தாய்மொழிக்கு என் நாட்டில் இடம் எங்கே?" என்று வாய் திறந்தால் மட்டும் அது அரசியல்! இந்த நியாயத்தை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

1968 அக்டோபர் 16. மெக்சிகோ நகரத்து ஒலிம்பிக் போட்டி. 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோசும் அமெரிக்க நாட்டுக் கறுப்பின இளைஞர்கள். பண் ஒலித்தபோது தலை தாழ்த்தி, கறுப்புக் கையுறை அணிந்த கரத்தை உயர்த்தி நின்றனர். ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்கே அணியிலிருந்து நீக்கி வெளியேற்றினார்கள். கொடி உயர்ந்தால் பெருமையாம், கை உயர்ந்தால் குற்றமாம்! ஓடிய கால் அமெரிக்காவுக்குச் சொந்தம். உயர்ந்த கை யாருக்குச் சொந்தம்?

இனி இலங்கையின் கணக்கைப் பார்ப்போம்.

1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற்றது அந்நாடு. அதே ஆண்டு ஜூலை 31 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் வெள்ளி வென்று, நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொணர்ந்தார் டங்கன் வைட். அவர் யார்? பறங்கியர் எனப்படும் மிகச் சிறு இனத்தவர். முதல் ஒலிம்பிக் பதக்கம் பறங்கியர் தந்தது, முதல் ஆசியத் தங்கம் தமிழர் தந்தது. சிறுபான்மையோர் அந்த நாட்டுக்குக் கொடுத்த சீர் இது.

நாடு திருப்பிக் கொடுத்தது என்ன?

அந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம். தேயிலை மலைகளைத் தேய்ந்த கைகளால் செழிக்கச் செய்த மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். அவர்களின் பாட்டன்மாரில் பலர் நம் தஞ்சைத் தரணியிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் என்பதை மறவாதே. 1956 நவம்பரில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இலங்கைக்காக எதிர்வீரசிங்கம் களமிறங்கினார். அதற்குச் சில திங்களுக்கு முன்புதான், ஜூன் மாதத்தில், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்ட முன்வடிவு அவையேறியது. அறவழியில் எதிர்த்துக் காலிமுகத் திடலில் அமர்ந்த தமிழ்த் தலைவர்கள் குண்டர்களால் தாக்கப்பட்டனர். 1957 ஜூலை 26 அன்று பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 1958 ஏப்ரல் 9 அன்று அது கிழித்தெறியப்பட்டது. அடுத்த மாதம் கலவரம், கொலை, கப்பல்!

"தமிழன் ஒருவனை அணியில் சேர்த்தார்களே, அது சமத்துவம் இல்லையா?" என்று குறுக்கே கேட்பார் உண்டு. சேர்த்தது எவருடைய கருணையும் அல்ல, தோழனே! உயரம் தாண்டும் கம்பம் இருக்கிறதே, அது நாணயமானது. அது உன் மொழி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. உயரம் ஒன்றைத்தான் கேட்கும். தாண்டினால் தாண்டியவன், தவறினால் தவறியவன். இரண்டு கழிகளுக்கு நடுவே கிடக்கும் அந்த மரத்துண்டுக்கு இருந்த நேர்மை, மணிமுடி சூடிய அரசுக்கு இல்லையே என்பதுதான் என் வழக்கு!

ஐயமிருந்தால் 1971ஐ நினைத்துப் பார். தரப்படுத்தல் என்று பெயரிட்டு, பல்கலைக்கழகத்தில் இடம்பெறத் தமிழ்வழி மாணவன் மட்டும் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும் என்றார்கள். அதாவது, ஒரே திடலில், ஒரே பந்தயத்தில், அவன் வரும்போது மட்டும் கம்பத்தை உயர்த்தினார்கள்! இங்கே நம் இடஒதுக்கீட்டைக் காட்டி, "இதுவும் அதுவும் ஒன்றுதானே" என்பார் சிலர். ஒன்றல்ல. காலங்காலமாகப் பள்ளத்தில் தள்ளப்பட்டவனுக்குப் படி வைப்பது வேறு. ஆட்சியைக் கையில் வைத்திருக்கும் பெரும்பான்மை, அடுத்தவன் காலடியில் பள்ளம் வெட்டுவது வேறு.

படிப்பகத்துத் திண்ணையோரம் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வயலில் உழைத்து உரமேறிய கை. அவர் சொன்னார்: "நான் படிக்காதவன் தம்பி. எனக்குத் தெரிஞ்சது தண்ணி. மேட்டூர்ல தொறந்தாச்சுன்னு ரேடியோவுல சொல்லுவான். நம்ம வாய்க்காலுக்கு வராது. கேட்டா, ஆறு எல்லாருக்கும் பொதுன்னு தலைமடைக்காரன் சொல்லுவான். ஆறு பொதுதான். மடையில கையி யாருது?"

ஆயிரம் நூல்கள் கற்றவரும் அடங்க வேண்டிய வாக்கு அது! நாடு பொது, கொடி பொது, பதக்கம் பொது. மடையில் இருக்கும் கை யாருடையது? வெற்றி விளையும்போது கடைமடைவரை வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். உரிமை என்னும் நீர் வரும்போது மட்டும் தலைமடையிலேயே அடைத்துக்கொள்கிறார்கள். கடைமடையில் வாழும் கீழ்வேளூர்க்காரனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிறிய நாடாக இருப்பது இழிவன்று. 1948இல் அதே லண்டன் போட்டிக்கு ஜமைக்கா என்ற குட்டித் தீவும் வந்தது. அன்று அது ஆங்கிலேயரின் அடிமை நாடு. 400 மீட்டர் ஓட்டத்தில் ஆர்தர் விண்ட் தங்கம் வென்றார். இன்றும் முப்பது இலட்சத்தைத் தொடாத மக்கள்தொகை. ஆயினும் உசைன் போல்ட் வரை உலகமே அண்ணாந்து பார்க்கிறது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட இலங்கைக்கோ, வைட் பெற்ற வெள்ளிக்குப் பின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் வர 52 ஆண்டுகள் ஆயின. 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க பெற்றுத் தந்தார். எளிய குடும்பத்துச் சிங்களப் பெண் அவர். அவரையும் நாம் வாழ்த்துவோம். உழைத்து உயர்ந்த எந்தச் சிங்களவரோடும் நமக்குப் பகையில்லை. பதக்கக் குறைவுக்கு இனப்பகை ஒன்றே காரணம் என்று நான் வாதாடவும் மாட்டேன். ஆனால், தன் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை விரட்டுவதிலேயே வலிமையைச் செலவிட்ட நாடு, எந்தத் திடலில் வலிமையோடு நிற்கும்? 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினர். 1983 ஜூலையில் கொழும்பைக் கொளுத்தினர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதை உலகறியும். டோக்கியோவில் தாண்டியவரோ அமெரிக்காவில் வாழ்ந்து, 2024இல் மறைந்தார்.

சரி, அக்கரையைப் பார்த்து விரல் நீட்டியாயிற்று. நீட்டிய விரலை மடக்கி நம் நெஞ்சையும் தொடுவோம். அந்தத் துணிவு இல்லாதவனுக்கு மேடை எதற்கு?

2006இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருக்காக வழக்காட வேண்டிய பெரியவர்கள் வாய்மூடி நின்றார்கள். சில ஆண்டுகள் கழித்து அவரும் செங்கல் சூளையில் வேலைக்குப் போனார். வென்ற அன்று இந்தியாவின் மகள். பறிகொடுத்த அன்று சூளைக்காரன் மகள்! பெரிய நாடு என்று மார்தட்டும் இந்தியாவின் மனமும் எவ்வளவு சிறியது, பார்த்தாயா?

இன்னும் அருகே வா. மெக்சிகோவில் இரு கறுப்பினத்தவர் கை உயர்த்திய அதே 1968இல், இரண்டு திங்கள் கழித்து, டிசம்பர் 25 இரவு, இதே கீழ்வேளூர் வட்டாரத்து வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் வெந்து மடிந்தன. கேட்டது என்ன? கூலியாகச் சற்றுக் கூடுதல் நெல்! அங்கே எரித்தவன் சிங்களவன் அல்லன். எரிந்தவரும் தமிழர், எரித்தவரும் தமிழர். நம் சடுகுடு, கபடி என்ற பெயரில் 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டிக்குள் நுழைந்ததென்று பெருமை பேசுகிறோம். ஆடும்போது காலைக் கவ்விப் பிடிப்பதில் தீட்டில்லை. ஆடி முடித்துத் தாகம் என்றால் மட்டும் குவளையில் தீட்டு ஒட்டிக்கொள்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றனவே! அந்த ஊரில் நின்றுகொண்டு கொழும்பைக் கண்டிக்க நமக்கு எவ்வளவு தகுதி உண்டு? தகுதியைத் தேடிக்கொள்வோம் தோழனே, பிறகு கண்டிப்போம். இரண்டையும் சேர்த்தே செய்வோம்.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கிற்று. கீழ்வேளூரில் பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் நாகைத் துறைமுகம். அங்கிருந்து சில மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை. கடல் அகலமில்லை. மனம்தான் அகல வேண்டும்.

ஆகவே, அடுத்த ஆசியப் போட்டி வரும்போது, ஒலிம்பிக் வரும்போது, படிப்பகத்தில் கூடி உட்கார். பார். எந்தச் சிறு நாட்டுப் பிள்ளை வென்றாலும் கைதட்டு. மனமாரத் தட்டு. தட்டி முடித்தபின் ஒரு கேள்வி கேள். "கொடியை ஏற்றிய இந்தப் பிள்ளையின் தாய், தன் ஊரில், தன் மொழியில், அஞ்சாமல் வாழ்கிறாளா?" விடை "ஆம்" என்றால் அது பெரிய நாடு, பரப்பளவு கையகலமே ஆனாலும். விடை "இல்லை" என்றால், எத்தனை தங்கம் குவித்தாலும் அந்த நாடு இன்னும் கம்பத்துக்கு இப்பால்தான் நிற்கிறது.

தமிழன் 1958லேயே தாண்டிவிட்டான். நாடுகள் தாண்டட்டும். நம் ஊரும் தாண்டட்டும்!