ஹேண்ட்லிங் சார்ஜ்: யாரை ஹேண்டில் பண்றதுக்கு?

செமஸ்டர் முடிஞ்சு இப்பதான் கை ஒழிஞ்சுது. ரொம்ப நாளா வயித்துக்குள்ள வச்சிருந்த எரிச்சல் இது, இறக்கி வச்சிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

இந்த மாசியில எங்க வீட்டுல ஒரு பைக் வாங்கினோம். 125 சிசி. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்ல இருந்து சிதம்பரத்துக்கு நான் தினம் பஸ்ல தொங்கறதைப் பார்த்துட்டு, சம்பா அறுவடைக் காசு வந்ததும் அப்பாவே எடுத்த முடிவு. லோன் கிடையாது, முழுக்க ரொக்கம்.

முதல்ல சிதம்பரத்துல ஒரு ஷோரூம்ல விசாரிச்சோம். "ஆன்ரோடு ஒண்ணு எட்டு வரும் சார், கலருக்கு ரெண்டு வாரம் ஆகும்"னு வாயாலயே சொன்னாங்க. தாளில் எழுதித் தாங்கன்னா, "எதுக்கு சார், மாறாது"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் கடலூர்ல இருக்கற என் மாமா, "திருப்பாப்புலியூர்ல எனக்குத் தெரிஞ்ச மேனேஜர் இருக்கார், வாங்க"ன்னார். தெரிஞ்ச மேனேஜர் விசிட்டிங் கார்டு பின்னாடி எழுதிக் கொடுத்தது 1,09,950. தெரிஞ்சவங்கன்னா ரெண்டாயிரம் கூட, ஹிஹி. (ரெண்டு கடை பேரையும் கேக்காதீங்க. இது ஒரு கடையோட கதை இல்ல.)

நம்மாளுங்க வழக்கமா என்ன பண்ணுவோம்? "பாத்து ஏதாச்சும் குறைச்சுப் போடுங்க தம்பி"ம்போம். அவர் கால்குலேட்டரை ரெண்டு தட்டு தட்டி, 950ஐ எடுத்துட்டு 1,09,000ன்னு சொல்லுவார். கூடவே ஒரு கீ செயின். நமக்கும் பேரம் பேசி ஜெயிச்ச திருப்தி. இதைத்தான் நான் ஏமாளித்தனம்ங்கறேன். ஆன்ரோடு விலைங்கறது ஒரு விலையே இல்ல, அது ஒரு மூட்டை. மூட்டையைப் பிரிக்காம மேல இருந்து ரெண்டு பிடி அள்ளிக்கிட்டு வர்றதுக்குப் பேர் பேரம் இல்ல.

நான் பிரிக்கச் சொன்னேன். பத்து நிமிஷம் முகத்தைச் சுளிச்சுட்டு எழுதிக் கொடுத்தார்:

வண்டி எக்ஸ் ஷோரூம் 84,000. ரோடு டாக்ஸ் 8,400. இன்சூரன்ஸ் 7,900. ஆர்டிஓ செலவு 2,900. ஆக்சஸரீஸ் 4,350. ஹேண்ட்லிங் சார்ஜ் 2,400.

முதல் ரெண்டுல பேச ஒண்ணும் இல்ல. எக்ஸ் ஷோரூம் விலையில ஜிஎஸ்டி அடங்கியாச்சு. ரோடு டாக்ஸ் அரசாங்கத்துக்குப் போகுது. 2023 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல ஒரு லட்சம் வரைக்குமான புது டூவீலருக்கு 10 சதவீதம், அதுக்கு மேல போனா 12. கணக்கு சரி. மிச்ச நாலு வரியிலதான் விளையாட்டே.

ஹேண்ட்லிங் சார்ஜ்னா என்ன சார்னு கேட்டேன். "ஃபேக்டரியில இருந்து வண்டியை இறக்கணும், கழுவணும், குடோன்ல வைக்கணும்ல?" சரி. கழுவாத வண்டியைக் கழுவாத விலைக்குக் குடுங்கன்னேன். அவர் சிரிக்கல. ஃபேக்டரியில இருந்து ஷோரூம் வரைக்கும் வண்டி வர்ற செலவெல்லாம் சேர்ந்ததுதானே எக்ஸ் ஷோரூம் விலை? பேர்லயே ஷோரூம் இருக்கே! அரிசிக்கடை அண்ணாச்சி லாரியில இருந்து மூட்டை இறக்கின கூலியை நம்ம பில்லுல தனி வரியாப் போட்டா சும்மா இருப்போமா? சிதம்பரத்துலயும் இதே வரி இருந்துச்சு, பேர் மட்டும் 'லாஜிஸ்டிக்ஸ்'. எந்த அரசாங்க அட்டவணையிலயும் இப்படி ஒரு கட்டணம் இல்ல. வாங்கறதுக்கு ஆள் இருக்கறதால வாங்கறாங்க, அவ்வளவுதான்.

அடுத்து ஆக்சஸரீஸ். இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம். லிஸ்ட்ல ஹெல்மெட், சேலை கார்டு, கிராஷ் கார்டு, சீட் கவர், ஏதோ ஒரு கோட்டிங். மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 138ஆவது விதியை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. டூவீலர் விக்கும்போது ஐஎஸ்ஐ தரத்துல ஒரு ஹெல்மெட்டைத் தயாரிப்பாளரே கொடுக்கணும்னு இருக்கு. 123ஆவது விதி, பின்னால உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி, கால் வைக்கற இடம், பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கற தடுப்பு இதெல்லாம் வண்டியிலயே இருக்கணும்னு சொல்லுது. அந்தத் தடுப்புக்குத்தான் நம்ம ஊர்ல சேலை கார்டுன்னு பேரு. எங்கம்மா சேலை சக்கரத்துல சிக்காம இருக்கறதுக்குச் சட்டம் கட்டாயமாக்கின சாமானை, எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்னு சொல்லிக் காசு வாங்கறாங்க. நம்பர் பிளேட்டுக்குத் தனியா கேட்டாலும் விடாதீங்க. 2019 ஏப்ரல் 1ல இருந்து தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட்டை வண்டி கூடவே கம்பெனி தரணும்.

இன்சூரன்ஸ். சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். அதோட விலையை அரசாங்கம்தான் நிர்ணயிக்குது: 2022 ஜூன் அட்டவணைப்படி 75ல இருந்து 150 சிசி வரைக்கும் 3,851 ரூபாய், அது மேல ஜிஎஸ்டி. இதை எந்தக் கடையில வாங்கினாலும் ஒரே விலை. வண்டிக்கு அடிபட்டா கிடைக்கற ஓன் டேமேஜ், மத்த ஆட்-ஆன் எல்லாம்தான் ஆளுக்கொரு விலை. எங்ககிட்ட வாங்கினாத்தான் வண்டின்னு டீலர் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017லயே விதி போட்டுடுச்சு. இன்னொண்ணு, ஓட்டுநரா இருக்கற ஓனருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீடு உங்ககிட்ட ஏற்கெனவே இருந்தா, மறுபடி அதுக்குக் காசு கட்ட வேண்டியதில்ல. நான் அங்கயே உக்காந்து போன்ல பார்த்தேன். அதே கவர், 6,400க்குள்ள வந்துச்சு. காட்டினேன். "எங்க பாலிசின்னா கேஷ்லெஸ் சார்"ன்னார். அதுவும் கேஷ்லெஸ்தான் சார்.

இதுக்குள்ள மாமா முகம் கறுத்துப் போச்சு. "மாப்ள, என் மானத்த வாங்கறியே"ன்னு காதுல சொல்றார். அன்னிக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கறார், வெளியில வண்டிக்கு மாலை போட்டுக் கற்பூரத்தோட ஒரு பையன் நிக்கறான். மக்களே, இதை நல்லா கவனிங்க. பேரத்துல நமக்கு எதிரா உக்காந்திருக்கறது அந்த மேனேஜர் மட்டும் இல்ல. நல்ல நேரம், சொந்தக்காரர், 'ரெண்டாயிரத்துக்குப் போய் அல்பமா பேசறானே'ங்கற கூச்சம், இந்த மூணும் அவர் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கு. அதனால கணக்கையெல்லாம் நாள் குறிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கணும். நான் செஞ்ச தப்பு அது.

கடைசியில ஹேண்ட்லிங் 2,400 முழுசாப் போச்சு. ஆக்சஸரீஸ் 1,200 ஆச்சு (கிராஷ் கார்டும் சீட் கவரும் அப்பாவுக்குப் பிடிச்சிருந்துச்சு, இருக்கட்டும்). இன்சூரன்ஸ் 6,400க்கு இறங்குச்சு. மொத்தம் 7,050 மிச்சம், வண்டி 1,02,900.

"ஏழாயிரம் பெரிய காசா மச்சி?"ன்னு ஹாஸ்டல்ல ஒருத்தன் கேட்டான். இந்த சீசன்ல சன்ன ரக நெல்லு கொள்முதல் விலை, மாநில அரசு ஊக்கத்தொகையோட சேர்த்துக் குவிண்டால் 2,545. நாப்பது கிலோ சிப்பத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஏழாயிரம்னா ஏழு சிப்பம். நாத்து விட்டு, களை எடுத்து, கதிர் பால் பிடிக்கற நேரத்துல மழைக்குப் பயந்து ராத்திரி தூங்காம விளைய வச்ச ஏழு சிப்பம்டா. அதை 'ஹேண்ட்லிங்'னு ஒரு வார்த்தைக்குக் கொட்டிட்டு வரணுமா? இன்னொரு கணக்கும் இருக்கு. 2025 செப்டம்பர் 22ல 350 சிசி வரைக்கும் பைக்குக்கு ஜிஎஸ்டியை 28ல இருந்து 18 ஆக்கினாங்க. இந்த 84,000 ரூபாய் வண்டிக்கு அதனால குறைஞ்சது ஏழாயிரம் சொச்சம். பிரிக்கச் சொல்லாம காசைக் கட்டியிருந்தா, வரியில குறைஞ்ச மொத்தத்தையும் அந்த வரிகளே முழுங்கியிருக்கும்.

டீலர் பக்க நியாயம்னு ஒண்ணு சொல்றாங்க. மார்ஜின் கம்மி, வாடகை, சம்பளம், கம்பெனி டார்கெட். இருக்கலாம், பொய்னு சொல்லல. அந்த ஷோரூம்ல நமக்கு டீ கொண்டு வந்த பையனுக்கும் சம்பளம் எங்கிருந்தோ வரணும். ஆனா மார்ஜின் பத்தலைன்னா கம்பெனிகிட்ட சண்டை போடணும், இல்ல விலையில வெளிப்படையா வைக்கணும். பேரம் பேசத் தெரிஞ்சவனுக்கு ஒரு விலை, கூச்சப்படறவனுக்கு ஒரு விலைன்னா, கடைசியில யார் கூடக் கட்டறது? படிக்காதவங்க, தனியா வர்ற பொண்ணுங்க, எங்கப்பா மாதிரி சட்டைப் பையில கட்டுப்பணத்தோட வர்றவங்க.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல கட்டில், அடுப்போட வீட்டையே சக்கரத்துல ஏத்தின மாதிரி ஆர்வின்னு ஒரு வண்டி விக்கறாங்க. அதை வாங்கப் போனா அங்கயும் 'டாக் ஃபீ', 'பிரெப் ஃபீ', 'ஃபிரைட்'னு தனித்தனி வரிகள். கலிஃபோர்னியாவுல டீலர் வாங்கற டாக்குமெண்ட் கட்டணத்துக்கு 85 டாலர்னு உச்சவரம்பு உண்டு. ஃபுளோரிடாவுல வரம்பே கிடையாது. 2023 டிசம்பர்ல அவங்க வர்த்தக ஆணையம் கார் டீலர்களோட ஒளிவுமறைவுக் கட்டணங்களுக்கு எதிரா விதி கொண்டு வந்துச்சு. அதுல மோட்டார் ஹோமையும் பைக்கையும் விட்டுட்டாங்க. கார்களுக்காவது வந்துச்சான்னா, டீலர் சங்கங்க கோர்ட்டுக்குப் போய், நடைமுறை சரியில்லன்னு 2025 ஜனவரியில அந்த விதியே ரத்தாயிடுச்சு. ஆக மேலிருந்து யாரும் வந்து காப்பாத்த மாட்டாங்க. அங்க விவரமானவங்க 'எல்லாம் சேர்த்து வாசல் தாண்டற விலை'யை எழுத்துல வாங்கி, நாலு கடைக்கு அனுப்பி ஒப்பிடறாங்க. நம்ம ஆன்ரோடும் அதேதான், நாம எழுத்துல வாங்கறதில்ல. மொத்த விலை கடைகளை ஒப்பிட. பிரிச்ச விலை ஒரு கடைக்குள்ள சண்டை போட. எனக்கு ரெண்டுமே வேண்டியிருந்துச்சு. சிதம்பரத்துக்காரர் எழுதித் தந்திருந்தா கடலூர்ல என் வேலை பாதியாகியிருக்கும்.

பாண்டிச்சேரியில வாங்கினா டாக்ஸ் கம்மின்னு ஐடியா குடுக்கறவங்களுக்கு ஒரு வரி: அங்க முகவரி வேணும், வண்டி 12 மாசத்துக்கு மேல நம்ம மாநிலத்துல ஓடினா இங்க மறுபதிவு பண்ணணும். அந்த மிச்சம் ரொம்ப நாளைக்கு மிச்சம் இல்ல.

சரி, ஜெயிச்ச கதை மாதிரியே எழுதிட்டேன். தோத்தது அந்த 2,900. ஆர்டிஓ செலவு. பைக்குக்குப் பதிவுக் கட்டணம் 300, ஸ்மார்ட் கார்டு 200, சாலைப் பாதுகாப்பு வரி சில நூறு. லோன் போட்டிருந்தா அதைப் பதிய 500, எங்களுக்கு அதுவும் இல்ல. எப்படிக் கூட்டினாலும் ஆயிரம் வரல. மிச்சம் எதுக்குன்னு கேட்டேன். "அதெல்லாம் அங்க ஆகும் சார், உங்களுக்கே தெரியும்"ன்னார். எனக்குத் தெரியாது. அங்க போகுதோ, அவர் டிராயர்லயே தங்குதோ, ரசீது இல்லாத காசுக்கு யாரைக் கை காட்டறது? ரசீது குடுங்க, 2,900 என்ன, 3,900 தரேன்னேன். அப்ப மணி பத்து இருபது. "ஏம்பா, போதும்பா"ன்னு அப்பாவே எடுத்துக் கொடுத்துட்டார். அவர் கையை நான் எப்படித் தட்ட முடியும்?

வீட்டுக்கு வந்ததும் அந்த 2,900க்குப் பிரிச்சு ரசீது கேட்டு ஷோரூமுக்குப் பதிவுத் தபால்ல கடிதம் போட்டேன். 1915ங்கற நுகர்வோர் உதவி எண்லயும் புகார் பதிவு பண்ணியிருக்கேன். பதில் வரலைன்னா அடுத்தது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அஞ்சு லட்சத்துக்குள்ள இருக்கற விவகாரத்துக்கு அங்க கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்கணும்னு இல்ல. ஒண்ணை வாங்கினாத்தான் இன்னொண்ணு தருவேன்னு கட்டாயப்படுத்தறதைக் கட்டுப்படுத்தும் வணிகத்துலயும், பில் தராம இருக்கறதை முறையற்ற வணிகத்துலயும்தான் 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேர்க்குது. கேக்கப் போறது ரெண்டாயிரம் ரூபாய்தான், தெரியும். மாமா ஒரு மாசமா என்கிட்ட பேசறதில்ல, அம்மாகிட்ட மட்டும்தான் போன். அக்னாலட்ஜ்மெண்ட் கார்டு திரும்பி வந்துடுச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. ரசீது இன்னும் வரல.